ஒட்டுக் கான்கிரீட் ஒரே பலகையாகப் பெயர்ந்து வந்துவிட்டது: பழையதோடு புதியது பிடிப்பது எதனால்?

நிழல்மரம் (கேள்வி):

சரக்கு வண்டிகள் ஏறி இறங்கும் சரிவுத் தளம் ஒன்று என் பராமரிப்பில் இருக்கிறது. அதன் நடுவே சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேற்பரப்பு தேய்ந்து ஜல்லி வெளியே தெரிந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். கனமான இடிப்பு இயந்திரத்தால் கொத்தி, நடுவில் 50 மில்லிமீட்டர் ஆழம் வரை எடுத்தார்கள். ஓரத்துக்கு வரவர ஆழத்தைக் குறைத்து, பழைய தளத்தோடு கலந்து முடியும்படி விட்டார்கள்.

காலையில் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். சிமெண்ட் பால் கரைத்து ஊற்றித் துடைப்பத்தால் பரப்பினார்கள். கலவை வந்து சேரத் தாமதமாகி, கான்கிரீட் போடும்போது மதியம் தாண்டிவிட்டது. மட்டம் செய்து தேய்த்து முடித்தார்கள். மறுநாள் ஒருமுறை தண்ணீர் தெளித்ததோடு சரி.

கான்கிரீட்டின் வலிமையில் குறையே இல்லை. அதே கலவையில் வார்த்த கனசதுரத்தை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் சோதனையில் நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே வந்தது. ஆனால் சில மாதங்களில் மூலைகள் தூக்கத் தொடங்கின. தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்டது. இப்போது கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பியதும் பெரிய துண்டு ஒன்று முழுதாகக் கையோடு வந்துவிட்டது.

இரண்டாம் முறை செய்யப்போகிறோம். எப்பாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசின் பசை) பூசிவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். கம்பி ஊன்றாமல் நிற்காது என்கிறார் இன்னொருவர். இன்னும் வலுவான கலவை போடுங்கள் என்று மூன்றாவது ஆலோசனை. எதை நம்புவது?

தூண்கள்:

எப்பாக்ஸிதான் என் பரிந்துரை. முறையாகப் பூசினால் அது கான்கிரீட்டைவிட உறுதியாகப் பிடிக்கும். சிமெண்ட் பால் எல்லாம் பழைய வழக்கம். புதிய கான்கிரீட் ஒட்டுவதற்கென்றே தயாரித்த வகையைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் சி881 தரத்தில் இரண்டாம் வகையும் ஐந்தாம் வகையும் இதற்கானவை. வண்டி ஓடும் தளம் என்பதால் சுமை தாங்கும் ஐந்தாம் வகை.

உளியோசை:

எப்பாக்ஸியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ஒரு வேண்டுகோள்: பெயர்ந்து வந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். அதைக் குப்புறப் போட்டு, கழுவாமல், அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது கிடந்த இடத்தில் பழைய தளம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

கான்கிரீட் பழுதுபார்ப்பே என் தொழில். பிடிமானம் விட்டுப்போன இடம் எதுவானாலும் நான் முதலில் கேட்பது அந்தத் துண்டைத்தான். அடியில் பழைய ஜல்லியும் பழைய சாந்தும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் உடைந்தது பழைய தளம். இரண்டு பக்கமும் சுத்தமாகப் பிரிந்திருந்தால் இரண்டும் சேரவே இல்லை. புதிய சாந்தின் படலம் கீழேயே தங்கியிருந்தால் புதிய கலவையின் அடிப்பகுதி நலிந்திருந்தது என்று பொருள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பார்க்காமல் பொருள் வாங்காதீர்கள்.

நிழல்மரம்:

பார்த்தேன். அடிப்பக்கத்தின் பெரும்பகுதி வழவழப்பாக இருக்கிறது. துடைப்பத்தின் வரிகள் அச்செடுத்ததுபோல் பதிந்திருக்கின்றன. கீழே தளத்திலும் அதே வரிகள், சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் பழைய தளத்தின் சில்லுகள் துண்டோடு வந்திருக்கின்றன. அங்கே நன்றாகப் பிடித்திருந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? சில்லுகள் மெல்லியவை. விரலால் தேய்த்தால் சில உதிர்கின்றன.

உளியோசை:

இதற்குமேல் சாட்சி தேவையில்லை. துடைப்ப வரி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றால், கான்கிரீட் வரும் முன்பே சிமெண்ட் பால் காய்ந்து இறுகிவிட்டது. சிமெண்ட் பால் ஈரமாக இருக்கும்வரைதான் பசை. காய்ந்துவிட்டால் பழைய தளத்தின் நுண்துளைகளை எல்லாம் அடைத்து மூடிய ஒரு தோல். உங்கள் புதிய கான்கிரீட் பழைய தளத்தைத் தொடவே இல்லை, அந்தத் தோலின் மேல் உட்கார்ந்திருந்தது. சிமெண்ட் பால் போடாமலே விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாகப் பிடித்திருக்கும். உறுதியாகவே சொல்கிறேன்.

அந்த மூலையை நல்ல பிடிமானம் என்று எண்ணாதீர்கள். சில்லு மெல்லியதாக இருந்து, தேய்த்தால் உதிர்கிறது என்றால், அது கனமான இயந்திரம் அடித்த அடியில் உள்ளுக்குள் விரிசல் விட்ட தோல். வெளியே பார்த்தால் சொரசொரப்பாக, கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே ஜல்லியைச் சுற்றி நுண்விரிசல்கள் ஓடியிருக்கும். அந்த மேற்பரப்பில் எந்தப் பசையைப் பூசினாலும் பசை பிடிக்கும், தளம் கழன்றுவரும். ஆகவே கடைசிச் சில சென்டிமீட்டரை இலகுவான கைச்சுத்தியலாலோ சிறிய இயந்திரத்தாலோ எடுத்துவிட்டு, உயர் அழுத்தத் தண்ணீரோ மணல் வீச்சோ கொடுத்து அடிபட்ட தோலை நீக்க வேண்டும். மிக உயர்ந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பாய்ச்சியே கான்கிரீட்டை வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. அதில் அதிர்ச்சி இல்லாததால் இந்த விரிசல் பிரச்சினை எழுவதில்லை. வசதி இருந்தால் என் முதல் தேர்வு அதுதான்.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். கான்கிரீட் கான்கிரீட்டோடு உருகிச் சேர்வதில்லை. புதிய கலவையின் சிமெண்ட் நீர் பழைய பரப்பின் துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே நீரேற்றம் (சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது) நடந்து, படிகங்கள் வளர்ந்து பூட்டிக்கொள்கின்றன. மேடு பள்ளம் இருந்தால் அதற்குமேல் பெரிய பூட்டும் கிடைக்கிறது. இவ்வளவுதான் பிடிமானம். ஆகவே துளைகள் திறந்திருக்க வேண்டும். தூசி, எண்ணெய், பழைய மேற்பூச்சு எதுவும் இடையில் இருக்கக் கூடாது. வண்டி ஓடும் தளம் என்பதால் எண்ணெயைக் குறிப்பாகச் சொல்கிறேன். சுத்தம் செய்த பரப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ வேறு பூச்சோ இன்னும் அங்கே இருக்கிறது. தூசியைக் காற்றடித்து விரட்டுவதானால் அந்தக் காற்றில் இயந்திர எண்ணெய் கலந்து வருகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துச் சோதித்துவிடுங்கள்.

ஈரம் அடுத்தது. காய்ந்த பழைய கான்கிரீட் புதிய கலவையின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சந்திப்பில் இருக்கும் சிமெண்ட் நீரேற்றத்துக்குத் தண்ணீர் இன்றிப் பொடியாக நின்றுவிடும். மாறாக, குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதே சந்திப்பில் நீர் விகிதம் ஏறி, கலவையின் மிக நலிந்த அடுக்கு மிக முக்கியமான இடத்தில் உருவாகும். முதல் நாளே நனைத்து, இரவு முழுவதும் ஈரச் சாக்குப் போட்டு மூடி, கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன் தேங்கிய தண்ணீரைத் துடைத்து எடுத்துவிடுங்கள். பரப்பு கருமையாக இருக்க வேண்டும், மினுமினுக்கக் கூடாது.

கான்கிரீட் போடும்போது, அதே கலவையின் சாந்தைக் கொஞ்சம் எடுத்து, கெட்டித் தூரிகையால் பரப்பில் அழுத்தித் தேயுங்கள். நனைந்த பளபளப்பு மாறும் முன்பே மீதிக் கலவையைப் போட்டு இறுக்குங்கள். ஒரு கை தேய்த்துப் போகட்டும், பின்னாலேயே இன்னொரு கை கொட்டி வரட்டும். கலவை வண்டி வாசலில் நிற்காதவரை யாரும் தூரிகையைத் தொடக் கூடாது.

எப்பாக்ஸிக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. அது ஒட்டும் பதத்தில் இருக்கும் நேரம் வெயிலில் வேகமாகக் குறையும். அந்த நேரம் கடந்த பிறகு கான்கிரீட் போட்டால், கண்ணாடிபோல் இறுகிய பரப்பின் மேல் போடுகிறீர்கள். காலையில் பூசி மதியம் கொட்டும் அதே பழக்கத்தோடு எப்பாக்ஸி வாங்கினால், அதிகச் செலவில் அதே முடிவு கிடைக்கும். அது ஈரத்தை மேலே விடாமல் தடுக்கும் படலம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மண்ணின் மேல் இருக்கும் தளத்தில் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அது அந்தப் படலத்தின் அடியில் தேங்குவதை நான் விரும்புவதில்லை. தூண்கள் சொன்ன தரம் சரியானது. ஆனால் அடிப்பரப்பு ஒழுங்காக இருந்தால் இந்த வேலைக்கு எப்பாக்ஸி அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

சுருக்கத்தை இதுவரை யாரும் தொடவில்லை. உங்கள் பழைய தளம் சுருங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. புதியது இனிமேல்தான் சுருங்கும். சாதாரணக் கான்கிரீட் காயும்போது மீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு மீட்டர் ஒட்டு ஒரு மில்லிமீட்டர் குறுகப் பார்க்கிறது. பழைய தளம் விடமாட்டேன் என்கிறது. கணக்கில் பார்த்தால், 25,000 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் விசை) விறைப்பை 0.0005 என்ற சுருக்கத்தால் பெருக்க 12.5 மெகாபாஸ்கல் இழுவிசை. கான்கிரீட் தாங்கும் இழுவிசையோ அதன் அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே, அதாவது மூன்று, நான்கு. மெதுவாகக் காய்ந்தால் கான்கிரீட் தானே சற்று நெகிழ்ந்து கொடுத்து, இந்த இறுக்கத்தில் கணிசமான பகுதியைத் தணித்துக்கொள்ளும். ஒரே நாளில் காயவிட்டால் அதற்கு நேரமே இல்லை. மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, காய்ந்த இலையின் ஓரம் மேலே சுருள்வதுபோல் மூலை எழும்பும். நீங்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

இதனால்தான் கனசதுரச் சோதனையின் எண் உங்களுக்கு உதவவில்லை. இன்னும் வலுவான கலவை என்ற மூன்றாவது ஆலோசனையையும் விட்டுவிடுங்கள். சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும், விறைப்பும் கூடும், நெகிழ்ந்து கொடுக்கும் குணம் குறையும். ஒட்டுவேலையில் பழைய தளத்தோடு ஒத்துப்போகும் வலிமை போதும். தண்ணீர் குறைவாக, 50 மில்லிமீட்டர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத அளவுக்குப் பெரிய ஜல்லி போட்ட, சுருக்கம் குறைந்த கலவையைக் கேளுங்கள். ஈரச் சாக்கும் மேலே பிளாஸ்டிக் விரிப்புமாக ஏழு நாளாவது அசையாமல் கிடக்கட்டும். ஒருமுறை தெளிப்பதைத் தண்ணீர் விட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓரத்தையும் மாற்றியாக வேண்டும். மெலிந்து முடியும் ஓரத்தில் ஜல்லி இருக்க இடமில்லை, ஈரம் தங்க இடமில்லை. அது முதல் நாளே இறந்துவிடும். சுற்றிலும் நேர்கோட்டில் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் வெட்டி, அதற்குள் முழு ஆழத்துக்குச் செங்குத்தாகக் கொத்தி இறக்குங்கள். வெட்டுவதற்கு முன் கம்பி எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள். ரம்பம் விட்ட சுவர் வழவழப்பாக இருக்கும், அதையும் சொரசொரப்பாக்க வேண்டும். பழைய தளத்தில் அந்த இடத்தைக் கடக்கும் இணைப்பு (வேண்டுமென்றே விட்ட பிரிவுக்கோடு) இருந்தால் அதே கோட்டில் புதியதிலும் விடுங்கள். மூடினால் அது தானே விரிந்து மேலே வரும்.

கம்பிக்கூடு:

வடிவமைப்புப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். உளியோசை சொன்ன சொரசொரப்புக்கு விதிநூல்களில் அளவு இருக்கிறது. ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 2, சுமார் 40 மில்லிமீட்டர் இடைவெளியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தால்தான் பரப்பைச் சொரசொரப்பானது என்று ஏற்கிறது. அமெரிக்க விதிநூலான ஏ.சி.ஐ. 318 கேட்பது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஒட்டுதலுக்கு யூரோகோட் தரும் கெழு வழவழப்பான பரப்புக்கு 0.20, சொரசொரப்பானதற்கு 0.40. கம்பி எதுவும் இல்லாமலே இரண்டு மடங்கு.

கம்பி ஊன்றும் யோசனை பற்றி: சந்திப்பைக் கடந்து நிற்கும் கம்பி, சந்திப்பு சற்றே விலகி நகர்ந்த பிறகுதான் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். பெயராமல் இருக்க அது உதவாது, பெயர்ந்த பிறகு பறந்துவிடாமல் பிடித்துவைக்கும். 50 மில்லிமீட்டர் கனத்துக்குள் கம்பியின் தலைக்குப் போதிய பிடியும் கிடைக்காது, மேல்மூடலும் கிடைக்காது. கனம் கூடிய வேலைகளில் ஓரத்தை ஒட்டி ஊன்றுவது நியாயம். இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றைக் கேட்க வேண்டும். கொத்தும்போது துருப்பிடித்த கம்பி எதுவும் தெரிந்ததா? தெரிந்தால் கதை வேறு. கம்பியின் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, 20 மில்லிமீட்டராவது, பழைய கான்கிரீட்டை எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு நீக்கிய பிறகுதான் புதியது போட வேண்டும். புதிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் பகுதி பாதுகாப்பாகிவிட, ஒட்டுக்குச் சற்று வெளியே பழைய கான்கிரீட்டில் உப்பு இருந்தால் துரு அங்கே வேகமெடுப்பதும் உண்டு. அதனால் கெட்ட இடத்தோடு நிறுத்தாமல், தட்டிப் பார்த்து நல்ல கான்கிரீட் வரும்வரை எல்லையை விரித்துக்கொள்ளுங்கள்.

நிழல்மரம்:

கம்பி தெரியவில்லை. 50 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள். கலவையிலேயே கலக்கும் ஒட்டுபால் ஒன்றை ஒப்பந்தக்காரர் காட்டுகிறார், அது பயன்படுமா? வண்டியை விடுவதற்கு முன் பிடித்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

உளியோசை:

ஒட்டுபாலில் இரண்டு குலம் உண்டு, டப்பாவில் எது என்று படித்துப் பாருங்கள். பி.வி.ஏ. (பாலிவினைல் அசிட்டேட்) வகை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். மழை விழும் சரிவுத் தளத்தில் அதை அருகிலேயே சேர்க்காதீர்கள். எஸ்.பி.ஆர். (செயற்கை ரப்பர்) வகையும் அக்ரிலிக் வகையும் அப்படி இளகுவதில்லை. கலவையில் தயாரிப்பாளர் சொன்ன அளவில் சேர்த்தால் பிடிமானத்துக்கு உதவும். ஆனால் பரப்பில் தனியாகப் பூசிக் காயவிட்டால் அதுவும் ஒரு தோல்தான். எஸ்.பி.ஆர். சேர்த்த கலவைக்கு ஈரம் காக்கும் முறையும் சற்று மாறும். முதலில் ஈரமும் பிறகு காற்றில் உலர்தலும் தேவைப்படும், டப்பாவில் சொன்ன நாள்கணக்கைப் பின்பற்றுங்கள்.

சோதனையை நீங்களே கேட்டது மகிழ்ச்சி. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எளிய சோதனை சுத்தியல்: ஈரச் சாக்கு எடுத்த பிறகு ஓரங்களையும் மூலைகளையும் நெருக்கமாகத் தட்டிச் செல்லுங்கள். கணீரென்று கேட்டால் சேர்ந்திருக்கிறது, பொக்கென்றால் விட்டிருக்கிறது. சில வாரம் கழித்து, காய்ந்த பிறகு, மறுபடியும் தட்டுங்கள். மூலை எழும்புவது அப்போதுதான்.

அளவு வேண்டுமானால் இழுப்புச் சோதனை. 50 மில்லிமீட்டர் விட்டத்தில், புதியதைக் கடந்து பழைய தளத்துக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும்படி வட்டமாகத் துளைத்து, மேலே இரும்பு வட்டை ஒட்டி, கருவியால் நேராக இழுக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 1542, அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். சி1583 இரண்டும் இதற்கான முறைகள். கட்டமைப்புப் பழுதுபார்ப்புப் பொருள்களுக்கு இ.என். 1504-3 ஆய்வகத்தில் கேட்பது ஆர்3 வலிமை வகைக்கு 1.5 மெகாபாஸ்கல், அதைவிட வலுவான ஆர்4 வகைக்கு 2.0. ஒன்றரை என்பது அந்தச் சிறு வட்டத்தில் ஏறக்குறைய 300 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். எண்ணோடு, எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய தளத்துக்குள் ஆழத்தில் அறுந்து, எண்ணும் நன்றாக இருந்தால் அதைவிட நல்ல முடிவு இல்லை.

இதே சோதனையைக் கான்கிரீட் போடும் முன், கொத்தித் தயார் செய்த வெறும் தளத்திலும் செய்யலாம். நான் வற்புறுத்துவது இதைத்தான். இயந்திரத்தின் அடியால் விட்ட விரிசல் மீதி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், இன்னும் கொஞ்சம் எடுத்தால் தீர்ந்துவிடும். கடைசிச் சோதனைக்கு நடுவில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே ஓர் இடமாவது சேருங்கள். சோதித்த குழிகளையும் நனைத்து, சாந்தைத் தேய்த்து, அதே கலவையால் அடைத்து, அதே ஏழு நாள் ஈரச் சாக்கு போடுங்கள்.